கொலையாளியைத் தேடாமல் பாருங்கள்: ஸ்காண்டிநேவியத் துப்பறியும் தொடர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்காண்டிநேவியத் துப்பறியும் தொடர் ஒன்றைப் பார்க்கத் தொடங்கி இரண்டாம் எபிசோடிலேயே கைவிட்டவர்கள் என் நண்பர்களில் பலர் உண்டு. ஒரே இருட்டு, ஒரே மழை, யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, அந்தப் பெண் இன்னும் எத்தனை நேரம் டார்ச் விளக்கோடு நடந்துகொண்டே இருப்பாள் என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை. குறை பொய்யன்று. ஆயினும் அதில் பாதி, பார்க்கும் முறையால் வருவது. கொலையாளி யார் என்ற கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இத்தொடர்களுக்குள் நுழைபவருக்குப் பத்து மணி நேரம் கழித்துக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். ஒரு கொலைக்குப் பிறகு ஒரு வீட்டிலும் ஒரு நகராட்சியிலும் ஒரு காவல் அலுவலகத்திலும் என்னென்ன சரிகிறது என்று பார்க்க உட்காருபவருக்கோ, அந்த மெதுவான நடையே விருந்தாகும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஸ்காண்டிநேவியா என்பது கறாராகச் சொன்னால் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்றுதான். ஐஸ்லாந்தையும் பின்லாந்தையும் சேர்த்துக்கொள்ளும்போது நோர்டிக் என்பார்கள். தொலைக்காட்சி ரசிகர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை, நானும் இங்கே கண்டுகொள்ளப் போவதில்லை.

முதலில் எதைப் பார்ப்பது? புகழ்பெற்றது என்பதற்காக டேனிஷ் தொடரான 'தி கில்லிங்'கில் தொடங்காதீர்கள். அதன் முதல் சீசன் 20 எபிசோட்கள் நீளமானது, பழக்கமில்லாதவரைத் திணறடித்துவிடும். 2015-இல் வெளிவந்த 'ட்ராப்ட்' என்ற ஐஸ்லாந்துத் தொடரின் முதல் சீசன் நல்ல நுழைவாயில். டென்மார்க்கிலிருந்து பயணிகள் கப்பல் வந்து சேரும் நேரத்தில் ஒரு சிறு துறைமுக ஊரின் கடலில் தலையும் கைகால்களும் இல்லாத உடல் ஒன்று கிடைக்கிறது. பனிப்புயல் சாலையை அடைத்துவிடுவதால் தலைநகரிலிருந்து புலனாய்வுக் குழு வர முடியவில்லை. ஊரில் இருக்கும் மூன்றே காவலர்கள்தான் வழக்கைத் தூக்கிச் சுமக்க வேண்டும். 'ஒஃபேர்த்' என்ற அதன் ஐஸ்லாந்துப் பெயருக்குப் போக்குவரத்துக்கு வழியற்ற நிலை என்று பொருள். இங்கே வானிலை வெறும் பின்னணியாக நிற்பதில்லை. கதையை நகர்த்துவதும் நிறுத்துவதும் அதுதான். படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்த சிக்லுஃபியோர்தூர் என்ற ஊரில், சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால், குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலாகச் சூரியனே தென்படுவதில்லை. இதை அறிந்தபின், திரை ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று இயக்குநரைத் திட்ட மனம் வராது.

அவ்வளவு பொறுமையும் இல்லை என்பவர்கள், கிரிஸ்டர் ஹென்ரிக்சன் நடித்த சுவீடன் நாட்டு 'வாலண்டர்' தொடரில் ஏதாவது ஒன்றைப் பார்க்கலாம். 2005 முதல் 2013 வரை வந்த அதில் ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வாலண்டர் என்ற அதே காவல் அதிகாரிப் பாத்திரத்தை வைத்து ஆங்கிலத்தில் பி.பி.சி. எடுத்த வடிவமும் இருக்கிறது. அழகானது, ஆனால் அதை இரண்டாவதாகப் பார்ப்பதே நல்லது.

அடுத்து மொழி. ஆங்கில டப்பிங் இருந்தாலும் அதைத் தவிர்த்து, அசல் ஒலியோடும் சப்டைட்டிலோடும் பாருங்கள். இத்தொடர்களில் வசனம் குறைவு. சொல்லுக்கு முன்னும் பின்னும் விழும் மௌனத்தில்தான் நடிப்பு இருக்கிறது, டப்பிங் முதலில் கெடுப்பது அதைத்தான். இன்னொரு காரணமும் உண்டு. 2011-இல் தொடங்கிய 'தி பிரிட்ஜ்' தொடரில், டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தின் நடுவே, இரு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. தூக்க முயலும்போது அது இடுப்பில் இரண்டாகப் பிரிகிறது. மேற்பாதி ஒரு சுவீடன் அரசியல்வாதியுடையது, கீழ்ப்பாதி டென்மார்க்கைச் சேர்ந்த வேறொரு பெண்ணுடையது. ஆகவே இரு நாட்டுக் காவல்துறையும் சேர்ந்து விசாரிக்க நேர்கிறது. சுவீடன் அதிகாரி சாகா நோரேன் சுவீடிஷிலும் டேனிஷ் அதிகாரி மார்ட்டின் ரோதே டேனிஷிலும் பேசிக்கொள்கிறார்கள், ஏறக்குறையப் புரிந்துகொள்கிறார்கள். அந்த 'ஏறக்குறைய' என்பதில்தான் தொடரின் நகைச்சுவையும் உறவும் இருக்கின்றன, ஆனால் சப்டைட்டிலில் இரண்டும் ஒரே ஆங்கிலமாகிவிடுகிறது. காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டால் பிடித்துவிடலாம்: சுவீடிஷ் ஏறி இறங்கி ராகம் போட்டது போல வரும், டேனிஷ் மெய்யெழுத்துகளைத் தொண்டைக்குள் விழுங்கிக்கொண்டு வரும். மூன்றாவது எபிசோடுக்குள், திரையைப் பார்க்காமலேயே யார் பேசுகிறார் என்று சொல்ல முடிந்தால் தொடர் உங்களுக்குத் திறந்துவிட்டது என்று பொருள்.

சப்டைட்டிலோடு பார்க்கும்போது கைபேசியை எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும். நான் ஒருமுறை பத்து நொடி குனிந்து ஒரு செய்திக்குப் பதில் அனுப்பினேன். அந்தப் பத்து நொடியில் ஒரு தந்தை தன் பொய்யை ஒப்புக்கொண்டிருந்தார், அதை அறியாமல் நான்கு எபிசோட் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பெயர்கள் குழப்பினால் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, காவல்துறை, பாதிக்கப்பட்ட குடும்பம், அதிகாரத்தில் இருப்பவர்கள் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகைத் தொடர்களின் கட்டுமானமே பெரும்பாலும் அந்த மூன்று பத்திதான்.

அந்தக் கட்டுமானத்தை மிகத் தெளிவாக அமைத்துக் காட்டியது 'தி கில்லிங்'. டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர். 2007-இல் வெளியிட்ட இத்தொடரை எழுதியவர் சோரன் ஸ்வைஸ்ட்ரூப். அதன் டேனிஷ் பெயர் 'ஃபோர்பிரூடெல்சன்'; குற்றம் என்று பொருள். ஆங்கிலப் பெயர் அதைக் கொலை என்று சுருக்கிவிட்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கொலை ஒரு நாளில் முடிந்துவிடுவதும் குற்றம் இருபது நாளும் பரவிக்கொண்டே போவதும் தெரியும். ஒரு எபிசோடுக்கு ஒரு நாள் என்பதுதான் முதல் சீசனின் கணக்கு. முதல் எபிசோடின் இறுதியைக் கூர்ந்து பாருங்கள். நான்னா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணைக் காணவில்லை. வீடு மாற்றிச் சாமான் ஏற்றும் தொழில் செய்யும் தந்தை டைஸ், மனைவியோடு கைபேசியில் பேசிக்கொண்டே மகளைத் தேடி அலைகிறார். நீரிலிருந்து காவல்துறை ஒரு காரைத் தூக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறார். அதிகாரி சாரா லுண்ட் அவரைத் தடுக்கிறார். காருக்குள் கிடப்பதை முழுதாகக் காட்டி நம்மை அதிரவைக்க வேண்டிய தேவை அந்தக் காட்சிக்கு இல்லை. தொலைபேசியின் மறுமுனையில் தாய்க்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது, அது போதும். மரணச் செய்தி ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தொடர்கள் குறைவு. அந்தக் கார் மேயர் பதவிக்குப் போட்டியிடும் ஓர் அரசியல்வாதியின் தேர்தல் அலுவலகத்துக்கு உரியது என்பதால், மூன்றாவது பத்தியும் அங்கேயே திறந்துகொள்கிறது.

பிறகு வரும் எபிசோட்களில் விசாரணையை விட அந்தக் குடும்பத்தின் மீது கண்ணை வையுங்கள். இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகள், சின்னப் பையன்களிடம் என்ன சொல்வது என்ற தயக்கம், குடும்பத்தை வியக்கவைக்க டைஸ் மனைவிக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்த பழைய வீடு இனி என்ன ஆகும் என்ற கேள்வி ஆகியவை துப்பு எதையும் தருவதில்லை. வேறு நாட்டுத் தொடராக இருந்தால் தொகுப்பாளர் வெட்டி எறிந்திருப்பார். இவற்றுக்கு நேரம் கொடுப்பதுதான் இந்த வகையின் முதன்மையான கவர்ச்சி என்று நான் கருதுகிறேன். சாரா லுண்ட் அணிந்த ஃபாரோ தீவுக் கம்பளி ஸ்வெட்டரைப் பற்றி அந்நாளில் எழுதிக் குவித்தவர்கள் இதில் பாதி அக்கறையை அந்தக் குடும்பத்துக்குக் காட்டியிருக்கலாம்.

இனிக் குறைகள். அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் கோபம் குறையும். முதலாவது, சந்தேக நபர்களைச் சுழற்றும் இயந்திரம். எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன்: பத்து எபிசோட் கொண்ட தொடரில் நான்காவதில் கைதாகும் ஆள் கொலையாளியாக இருப்பது அரிது, ஆறாவதில் எல்லா ஆதாரமும் எவரை நோக்கிக் கை நீட்டுகிறதோ, அவரும் பெரும்பாலும் ஒரு கள்ளக் காதலையோ பணச் சிக்கலையோ மறைத்தவராகத்தான் இருப்பார். 'தி கில்லிங்' படமாக்கப்பட்டபோது கொலையாளி யார் என்பது நடிகர்களுக்கே சொல்லப்படவில்லை. எபிசோட் எபிசோடாகத்தான் வசனம் கைக்கு வந்தது. ஒவ்வொருவரும் தானே குற்றவாளியாக இருக்கக்கூடும் என்ற ஐயத்தோடு நடித்ததால் முகங்களில் ஓர் அபாரமான இறுக்கம் கிடைத்தது. அதே காரணத்தால், இருபது எபிசோட் முடிந்தபின் திரும்பிப் பார்த்தால், எதற்காக இவர் அன்று அப்படி முறைத்தார் என்று கேட்க வேண்டிய இடங்களும் மிஞ்சின. எனவே ஒவ்வொரு எபிசோடின் கடைசி இரண்டு நிமிடத் திருப்பத்தை நம்பி இரவெல்லாம் கண் விழிக்க வேண்டாம். ஒரு இரவுக்கு இரண்டு எபிசோட் போதும்; மூன்றாவதிலிருந்து இருள் வெறும் இருளாகவே தெரியத் தொடங்கும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 1965-க்கும் 1975-க்கும் இடையே பத்துக் காவல்துறை நாவல்களை எழுதிய சுவீடன் இணையர் மாய் ஷோவால், பெர் வாலூ காலத்திலிருந்தே, குடிமக்களின் நலனைத் தானே கவனித்துக்கொள்ளும் நலவாழ்வு அரசின் பளபளப்புக்குப் பின்னால் இருப்பதைத் தோண்டுவது இவ்வகைக் கதைகளின் மரபு. தொடர்களும் வீடற்றவர்கள், அகதிகள், மனநல மருத்துவமனைகள், தொழில் நிறுவனங்களின் பேராசை என்று பெரிய கேள்வியோடுதான் தொடங்குகின்றன. ஆனால் முடிவை நெருங்கும்போது அந்தக் கேள்வி நழுவி, யாரோ ஒருவருடைய பழைய தனிப்பட்ட பகை மேலெழுந்து வந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தீர்ப்பு நாளில் ஒரு பைத்தியக்காரனை மட்டும் தண்டித்து அனுப்பும் இந்தப் பழக்கத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. புலம்பெயர்ந்தோர் பாத்திரங்களும் இதே கதிக்கு உள்ளாகின்றன: ஆரம்பத்தில் தவறாகச் சந்தேகிக்கப்படுவார்கள், பார்வையாளருக்குக் குற்ற உணர்ச்சி உண்டாகும், பிறகு அவர்கள் கதையிலிருந்து காணாமல் போவார்கள்.

சிதைக்கப்பட்ட பெண் உடலில் தொடங்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான்னாவுக்குக் கிடைத்த குடும்பமும் துக்கமும் பின்னால் வந்த எத்தனையோ தொடர்களின் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வெறும் தொடக்கக் காட்சிகள். ஒரு தொடரின் மூன்றாம் எபிசோட் முடிந்தும் இறந்தவரின் பெயர் உங்கள் நினைவில் நிற்கவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலே பார்க்க அதில் ஏதும் இருக்காது.

துணைக்கு ஆள் அழைக்காமல் தனியே பாழடைந்த கிடங்குக்குள் நுழையும் அதிகாரிகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாகா நோரேனுக்குப் பிறகு பெருகிவிட்ட, பழகத் தெரியாத மேதைத் துப்பறிவாளர்களை அவ்வளவு எளிதில் பொறுக்க வேண்டியதில்லை. சாகா அலுவலக மேசையருகே எல்லோர் முன்னும் சட்டை மாற்றிக்கொள்வது வேடிக்கை மட்டுமன்று. முதல் எபிசோடிலேயே இதய நோயாளி ஒருவரின் ஆம்புலன்ஸை, விசாரணைக்காக மூடப்பட்ட பாலத்தின் மேல் செல்லவிட்ட மார்ட்டின் மீது அவர் புகார் எழுதுவதாகச் சொல்கிறார், பிறகு அதே மனிதரோடு உண்மையான நட்புக்கு வந்து சேர்கிறார்; விதி, இரக்கம் என்ற இரண்டுக்கும் இடையிலான அந்த இழுபறிதான் தொடரின் உயிர். அவரைப் பார்த்து உருவாக்கப்பட்டவர்களிடம் சட்டை மாற்றும் பகுதி இருக்கிறது, இழுபறி இல்லை.

நிறுத்தும் இடம் தெரிந்திருப்பதும் இக்கலையின் ஒரு பகுதி. 'ட்ராப்ட்' முதல் சீசனோடு நிறைவாக முடிகிறது. 'தி பிரிட்ஜ்' நான்கு சீசன். இரண்டாவதின் இறுதிக் காட்சி வரை கட்டாயம் பாருங்கள், அதற்கு மேல் சாகாவின் மீது உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் பிரியத்தைப் பொறுத்தது. 'தி கில்லிங்' மூன்று சீசன்களில் முதலாவதே தலைசிறந்தது. அதை முடித்து ஒரு வாரம் கழித்து, கொலையாளி யார் என்று தெரிந்த நிலையில், முதல் எபிசோடை மட்டும் மீண்டும் போட்டுப் பாருங்கள். மகள் தோழி வீட்டில் இருப்பதாக நம்பிக்கொண்டு அந்தக் குடும்பம் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். துப்பு தேடும் வேலை உங்களுக்கு இராது, அந்தத் தொலைபேசி அழைப்பு வரும் வரை அவர்களோடு சமையலறையில் இருக்கலாம்.