இசைத் துறையின் நிலைத் தேர்வு: தாளிலும் கீபோர்டிலும் தயாராவது எப்படி?

பல்கலைக்கழக இசைத் துறைகள் சேர்க்கையின்போது மேற்கத்திய இசையில் நடத்தும் இந்த நிலைத் தேர்வு, பெரும்பாலும் உங்களை எந்த நிலை வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்குத்தான். அதனால் அலட்சியமாகப் போய் உட்கார்ந்தேன். பாடம் தெரிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் விரல்விட்டு எண்ணியதில் நேரம் தீர்ந்து, பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்தேன். தெரிந்திருப்பது வேறு, சட்டென்று வருவது வேறு. கீழே உள்ள படிகள் இரண்டாவதற்காக.

முதல் படி: என்ன கேட்பார்கள், கீபோர்டில் என்ன வாசிக்கச் சொல்வார்கள் என்பதைத் துறையிடமே கேட்டு வாங்குங்கள். மாதிரித் தாள் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, கீ சிக்னேச்சர், அதாவது பகுதி எந்த ஸ்கேலில் (சுர வரிசையில்) இருக்கிறது என்று வரியின் தொடக்கத்தில் காட்டும் ஷார்ப், ஃப்ளாட் குறிகள். ஷார்ப் ஒரு சுரத்தை ஓர் அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எதுவானாலும் அடுத்த கட்டை) உயர்த்தும், ஃப்ளாட் அதே அளவு இறக்கும். அதிக நேரம் இதற்கே கொடுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. ஷார்ப்கள் வரும் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி. ஃப்ளாட்களுக்கு இதையே பின்னாலிருந்து படியுங்கள். கடைசி ஷார்ப்புக்கு ஓர் அரைச்சுரம் மேலே இருப்பது மேஜர் ஸ்கேலின் பெயர்: மூன்று ஷார்ப் என்றால் கடைசி ஜி ஷார்ப், ஆகவே ஏ மேஜர். ஃப்ளாட்களில் கடைசிக்கு முந்தைய ஃப்ளாட்டே பெயர்; ஒரே ஃப்ளாட் உள்ள எஃப் மேஜரை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். மேஜரின் பெயர்ச் சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரம் இறங்கினால் அதே குறிகள் கொண்ட மைனர் ஸ்கேலின் பெயர். வெற்றுத் தாளில் 15 மேஜர்களையும் கடிகாரம் வைத்துத் தினமும் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாவது, இன்டர்வல், அதாவது இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரம். முதலில் சுரப்பெயர்களின் எழுத்துகளை எண்ணுங்கள், பிறகே அரைச்சுரங்களை. சி-யிலிருந்து இ ஃப்ளாட் மைனர் மூன்றாவது. சி-யிலிருந்து டி ஷார்ப் ஆக்மென்டட் இரண்டாவது. கீபோர்டில் இரண்டும் ஒரே கட்டை, தாளில் ஒன்றுக்கு மற்றதை எழுதினால் தவறு. கீபோர்டிலேயே வளர்ந்தவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். மூன்று சுரக் கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு), கீழிருந்து அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான அரைச்சுரக் கணக்கு போதும்: மேஜர் 4+3, மைனர் 3+4, டிமினிஷ்ட் 3+3, ஆக்மென்டட் 4+4.

இனி கீபோர்டு. சி மேஜரை இரண்டு ஆக்டேவ் (ஓர் ஆக்டேவ் என்பது ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை), இரு கைகளாலும் வாசியுங்கள். ஓர் ஆக்டேவுக்கு வலது கை விரல் எண்கள் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) 1 2 3 1 2 3 4 5, இடது கை 5 4 3 2 1 3 2 1. இரண்டாவது ஆக்டேவுக்குத் தொடரும்போது மேல் சி-யில் இரு கைகளுக்கும் கட்டைவிரல், அடுத்த டி-யில் இடது கைக்கு நான்காம் விரல். ஜி, டி, ஏ, இ மேஜர்களுக்கும் இதே விரல்கள்தான். எஃப் மேஜரில் வலது கை 1 2 3 4 1 2 3 என்று மாறும்.

அடுத்து ஒன்று, நான்கு, ஐந்து, ஒன்று என்னும் கார்டு வரிசை, அதாவது ஸ்கேலின் அந்தந்தச் சுரத்தின்மேல் அமையும் கார்டுகள். கையைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் போதும். சி–இ–ஜி, சி–எஃப்–ஏ, பி–டி–ஜி, மறுபடி சி–இ–ஜி. இது கைவந்ததும் தாளைப் பார்க்காமல் ஜி, எஃப், டி மேஜர்களில் வாசியுங்கள்.

கடைசியாக, பார்த்தவுடன் வாசித்தல். தொடங்குமுன் கீ சிக்னேச்சரையும் தாளக் குறியையும் பார்த்து, மிகக் கடினமான இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்தை வாசிக்க முடிகிற வேகமே முழுப் பகுதிக்கும் வேகம். சுரம் தவறினால் திரும்பிப் போகாமல் தாளத்தோடு நகருங்கள். பயிற்சிக்குத் தினமும் ஓர் எளிய புதுப் பகுதி எடுங்கள். நேற்று வாசித்ததையே இன்றும் வாசித்தால் அது நினைவாற்றல் பயிற்சியாகிவிடும்.