ஸ்பீக்கருக்கு அடியில் என்ன வைப்பது?

மதுரையில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ‘ஊஃபர் கிழிந்துவிட்டது’ என்று கடைக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் ஊஃபர், அதாவது பேஸ் என்கிற கனத்த ஒலியைத் தரும் பெரிய வட்டம், நன்றாகவே இருக்கும். என் மேசையில் வைத்து ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. “அண்ணே, வீட்ல கர்ர்னு சத்தம் வருது, இங்க வர மாட்டேங்குதே” என்பார்கள். வீட்டில் எதன் மேல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், டிவி யூனிட், ஷோகேஸ், இல்லாவிட்டால் பீரோ. அப்புறம் நான் கழற்ற ஒன்றும் இருக்காது. பெட்டியை எடுத்துப் போய், அது உட்காரும் இடத்தைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 6 அங்குல ஊஃபரில் கோன் (முன்னால் தெரியும் கூம்பு), காயில் (அதை அசைக்கும் கம்பிச் சுருள்) என்று அசையும் பாகத்தின் எடை சுமார் 15 கிராம். பெட்டி 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கோன் 5 மி.மீ. முன்னால் பாய்ந்தால் அதன் உதையில் பெட்டி பின்னால் நகர்வது 0.01 மி.மீ. அளவுதான். தலைமுடியின் தடிமனில் கால் பங்குகூட இல்லை. ‘மெத்தென்ற ரப்பர் மேல் வைத்தால் பெட்டி ஆடி பேஸ் போய்விடும்’ என்று பயப்படுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் அதே 0.01 மி.மீ. உதை ஒரு பிளைவுட் பலகை மேல் விழும்போது கதை வேறு. 6 அங்குல கோனின் பரப்பு சுமார் 130 சதுர செ.மீ. ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள டிவி யூனிட்டின் மேல்பலகை கிட்டத்தட்ட 7,000 சதுர செ.மீ., அதாவது ஐம்பது மடங்குக்கு மேல். அந்தப் பலகைக்கென்று ஒரு சொந்த சுருதி உண்டு. பாட்டில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் பலகையும் சேர்ந்து பாடும், ஊஃபர் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இழுக்கும். நல்ல மிருதங்க ரெக்கார்டிங் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். ரவை பூசின தொப்பிப் பக்கத்தில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லா அடியும் ஒரே சுருதியில் ‘பொம் பொம்’ என்று வழிந்தால் வாசிப்பது பலகை.

காசு செலவழிப்பதற்கு முன்னால் வீட்டில் எதெல்லாம் கூடப் பாடுகிறது என்று கண்டுபிடியுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஸ்பீக்கரில் இணைத்து, 30 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். வால்யூம் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும் அளவுக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும். பாட்டு ஏறி இறங்கும், டோன் விடாமல் ஒரே பலத்தில் அடிக்கும். வால்யூமைத் தூக்கிவைத்து டோன் ஓட்டினால் காயில் சூடாகிக் கருகும், அப்புறம் நிஜமாகவே என் கடைக்கு வர வேண்டியிருக்கும்.

ஒருவர் டோனை ஏற்ற, இன்னொருவர் அறையைச் சுற்றி நடந்து கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கட்டும். தொட்டதும் சத்தம் நின்றால் ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கமாக மாட்டுபவை: ஷோகேஸின் தள்ளுக் கண்ணாடி, பீரோ கைப்பிடியில் தொங்கும் சாவிக்கொத்து, பரணில் அடுக்கின எவர்சில்வர் பாத்திரம், ஆணியில் தொங்கும் சாமி படம், ஜன்னல் கதவின் கொக்கி, டியூப்லைட் பட்டியின் மூடி, சீலிங் ஃபேனின் மேல் கிண்ணம். ஸ்பீக்கர் மேலேயே செட்டாப் பாக்ஸை வைத்திருப்பார்கள், அது தனி. ஸ்பீக்கரின் சொந்த கிரில் துணிச் சட்டமும் சில சமயம் படபடக்கும்.

இவற்றுக்கு வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. படத்தின் பின்பக்கம் கீழ் மூலைகளில் சின்ன ஃபெல்ட் வட்டம், கண்ணாடி ஓடும் பள்ளத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டின கீற்று, பாத்திரங்களுக்கு நடுவே ஒரு பழைய துண்டு. டிவி யூனிட்டின் முதுகுப் பலகையை மட்டும் தவறவிடாதீர்கள். அது பெரும்பாலும் மெல்லிய பிளைவுட், இரண்டு மூன்று ஆணியில் நிற்கும். ஓரம் முழுக்க ஸ்க்ரூ போட்டு இறுக்கி, நடுவில் டபுள் சைடு டேப்பால் தடித்த ரப்பர் ஷீட் ஒன்றை ஒட்டிவிட்டால் ஆடுவது குறையும். பல வீடுகளில் இந்தக் கட்டத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது ரப்பர். இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாரும் கடையில் கிடைப்பதை வாங்கி வைத்துவிடுவார்கள். எடை பார்ப்பவர் குறைவு. வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேடு நான்கு ஒரு செட்டாக மலிவாகக் கிடைக்கிறது. ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒன்று 60, 70 கிலோ இருக்கும். அந்த எடைக்குச் செய்த பேடு மேல் 5 கிலோ ஸ்பீக்கரை வைத்தால் அது இம்மியும் அமுங்காது. அமுங்காத ரப்பரும் மரக்கட்டையும் ஒன்றுதான்.

அமுக்கம்தான் அளவுகோல். பேடு வெறுமனே இருக்கும்போது எவ்வளவு உயரம், ஸ்பீக்கரை ஏற்றின பிறகு எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் என்ற நுண் அளவுகோல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மி.மீ. ஸ்கேலும் பொறுமையும் போதும். வித்தியாசம் எத்தனை மி.மீ. என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுங்கள். வருவது அந்த ரப்பரும் பெட்டியும் சேர்ந்து ஆடும் சொந்த அதிர்வெண், ஹெர்ட்ஸில். 1 மி.மீ. அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் 8. அசையும்போது ரப்பர் கொஞ்சம் விறைப்பாகிவிடும் என்பதால் நிஜத்தில் இதைவிடச் சற்று மேலேதான் நிற்கும்.

பாட்டின் அதிர்வெண் இந்த எண்ணுக்கு 1.4 மடங்கு மேலே போன பிறகுதான் ரப்பர் அதிர்வைத் தடுக்கவே தொடங்கும். 3 மடங்கு மேலே போனால் எட்டில் ஒரு பங்கு அளவுதான் கீழே இறங்கும். எண்ணுக்குச் சமமான இடத்தில் எதிர்மாறாக அதிர்வு கூடும். உங்கள் புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்றால் 1 மி.மீ. அமுக்கம் கணக்குக்குச் சரி, 2 மி.மீ. கிடைத்தால் கவலையில்லை.

வாஷிங் மெஷின் பேடைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கூரான கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். பரப்பு குறையக் குறைய அதே எடை அதிகமாக அமுக்கும். ஒரு அங்குலச் சதுரத்தில் தொடங்கி, வேண்டிய அமுக்கம் வரும்வரை குறைத்துக்கொண்டே போகலாம். ஆனால் தடிமனில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் அமுங்கினால் ரப்பர் நாளடைவில் தட்டையாகிவிடும். அதனால் 2 மி.மீ. வேண்டுமென்றால் பேடு 15, 20 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். இரண்டை ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளலாம்.

நான்கு துண்டையும் நான்கு மூலையில் சமமாக வைத்தால் பெட்டி முன்பக்கம் சாயும். ஊஃபரின் காந்தம் முன்னால் இருக்கிறது, எடை அங்கேதான். முன் துண்டுகளைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள், அல்லது முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்று மூன்றாக வையுங்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் தடதடக்காது. கீழே பாலிஷ் போட்ட தேக்கோ மார்பிளோ இருந்தால் ரப்பருக்கும் அதற்கும் நடுவே ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள்) துண்டு ஒன்றைச் செருகுங்கள். சோர்போதேன் போன்ற மெத்தென்ற பொருட்கள் எண்ணெய்க் கறை விடும், நம் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். பஞ்சு ஃபோம் எனக்குப் பிடிக்காது. சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும், அதற்கு முன்னால் எலி பார்த்துவிட்டால் அதுவும் போச்சு.

எடை குறைந்த ஸ்பீக்கருக்கு ஏற்ற மெத்தென்ற ரப்பர் கிடைக்காவிட்டால் எடையைக் கூட்டிவிடலாம். கடப்பா கல் விற்கும் கடையில் வெட்டு மிச்சம் கிடக்கும். 12க்கு 10 அங்குலம், 20 மி.மீ. தடிமன் கேளுங்கள். சுமார் 4 கிலோ வரும். ஓரத்தைப் பாலிஷ் பிடித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். பலகை மேல் ரப்பர், ரப்பர் மேல் கல், கல் மேல் ஸ்பீக்கர். கல்லுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சுண்டைக்காய் அளவு ப்ளூ டாக் (களிமண்போல ஒட்டும் பசை) உருண்டை நாலு. வெறும் கல்லை விரலால் தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும், ரப்பரும் ப்ளூ டாக்கும் சேர்ந்து அதை அடக்கிவிடும். நான் வீட்டில் பயன்படுத்துவது இதுதான். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர் கால்களைவிட இதை நான் குறைவாக நினைக்கவில்லை.

விலை உயர்ந்தவை மோசம் என்று அர்த்தமில்லை. கனடாவின் ஐசோஅகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் காயா கால்களை எடுத்துக்கொண்டால், காயா 3 என்பது 32 கிலோ வரையுள்ள ஸ்பீக்கருக்கு, காயா 2 என்பது 54 கிலோ வரை, காயா 1 என்பது 100 கிலோ வரை. எடை பார்த்துத்தான் விற்கிறார்கள். ‘பெரியது எடுத்தால் நல்லதுதானே’ என்று 20 கிலோ டவர் ஸ்பீக்கருக்கு (தரையில் நிற்கும் உயரமான பெட்டி) காயா 1 வாங்கினால் வாஷிங் மெஷின் பேடு கதைதான்.

ஸ்பீக்கருக்கு அடியில் மாட்டும் கூர் முனை ஸ்பைக் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கார்ப்பெட் விரித்த மரத்தரை வீடுகளில் கார்ப்பெட்டைத் துளைத்துத் தரையைப் பிடிக்க அது உதவும். நம் ஆர்.சி.சி. தளம், டைல்ஸ் தரையில் அதற்கு வேலை குறைவு. டவர் ஸ்பீக்கரை மட்டமாக நிறுத்த ஸ்க்ரூபோலத் திருகிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைக்காவிட்டால் டைல்ஸில் பொட்டு விழும். ஒன்று மட்டும் பாருங்கள்: டைல்ஸைத் தட்டினால் சில இடத்தில் ‘பொக்கு’ சத்தம் வரும், அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத இடம். அங்கே டவரை நிறுத்தாதீர்கள். மாற்று இடம் இல்லையென்றால் ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு ரப்பர் கால் போடுங்கள்.

டிவி யூனிட்டிலிருந்து ஸ்பீக்கரை இறக்கவே முடியும் என்றால் ஸ்டாண்டு மேல். வெல்டிங் பட்டறையில் 3 அங்குலச் சதுரக் குழாயில் அடித்துத் தருவார்கள், மேலும் கீழும் தகடு. உள்ளே மூன்றில் இரண்டு பங்கு மணல் கொட்டுங்கள். மணலைக் கழுவி, மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்த பிறகு. ஈர மணல் குழாயை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். உயரம் ட்வீட்டர், அதாவது மெல்லிய ஒலிகளைத் தரும் சின்ன வட்டம், காது மட்டத்தில் வரும்படி. சோபாவில் உட்கார்ந்து கேட்டால் காது ஏறத்தாழ 90 செ.மீ. முதல் ஒரு மீட்டரில், பாயில் உட்கார்ந்து கேட்டால் முக்கால் மீட்டரில் இருக்கும். பட்டறைக்குப் போகும் முன்னால் உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று அளந்துகொண்டு போங்கள். குழந்தைகள் ஓடும் வீடென்றால் கீழ்த் தகடு அகலமாக இருக்கட்டும்.

மிகக் கீழான பேஸுக்கென்றே இருக்கும் சப்ஊஃபர் பெட்டி விஷயம் கொஞ்சம் கடினம். 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் சப்புக்கு 8 ஹெர்ட்ஸ் அளவில் சொந்த அதிர்வெண் வேண்டும், அதாவது 4 மி.மீ. அமுக்கம், அதாவது 30, 40 மி.மீ. தடித்த மெத்தென்ற ரப்பர் அல்லது ஸ்பிரிங். மெல்லிய ஷீட் ஒன்றை விரித்துவிட்டு ‘கீழ் வீட்டுக்காரர் இன்னும் சண்டைக்கு வருகிறார்’ என்று சொல்லிப் பயனில்லை. சரியாகப் போட்டாலும் தளம் வழியாக இறங்கும் அதிர்வு மட்டும்தான் குறையும். காற்று வழியாகப் போகும் பேஸ் போய்க்கொண்டுதான் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வால்யூமைக் குறைப்பதற்கு ஈடான ரப்பர் எதுவும் விற்பனைக்கு இல்லை.

அசெம்பிள் செய்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரே மாதிரி இரண்டு ஊஃபரை ஒரே பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டு, பிளஸ் மைனஸ் மாறாமல் இணைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே பாயும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். இரண்டின் உதையும் பெட்டிக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்ந்துவிடும். கெஃப் நிறுவனத்தின் கே.சி. 62 சப்ஊஃபர் இந்த முறையில்தான் இயங்குகிறது. அப்படிப் பெட்டி கட்டி முடித்ததும், அது ஓடும்போது மேலே ஒரு ரூபாய் நாணயத்தை நெட்டுக்குத்தலாக நிறுத்திப் பாருங்கள், விழாமல் நிற்க வேண்டும். ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் பேஸே வராது, அதிலேயே தெரிந்துவிடும்.

போட்ட வேலை பலித்ததா என்று காதை மட்டும் நம்ப வேண்டாம். காசு கொடுத்த பிறகு காது எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் பேசும். விளிம்புவரை தண்ணீர் ஊற்றின எவர்சில்வர் டம்ளரை ஸ்பீக்கர் பக்கத்தில் அதே பலகை மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ரப்பர் இல்லாமலும் ரப்பரோடும் தண்ணீரின் நடுக்கத்தைப் பாருங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது. போனைப் பலகை மேல் படுக்கவைத்தால் அதன் முடுக்கமானி எண்ணிலேயே சொல்லிவிடும். இரண்டு தடவையும் வால்யூம் ஒன்றாக இருக்க வேண்டும், போனும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து பேடுகளின் உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். ரப்பர் முதல் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கி, அப்புறம் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் துண்டுகளை இடம் மாற்றுங்கள். அப்படியே ஊஃபரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். கையால் திருகும் டிரைவர் போதும், எதிரெதிர் ஸ்க்ரூவாக மாற்றி மாற்றி. மெஷின் டிரைவர் வேண்டாம், எம்.டி.எஃப். என்ற மரத்தூள் பலகையில் ஓட்டை வழுக்கிவிட்டால் அப்புறம் மரக்குச்சியும் பசையும் வைத்து அடைக்க வேண்டியிருக்கும்.