பழைய பி.எம்.டபிள்யூவுக்குப் பாவித்த டிஃபரன்ஷியல் வாங்குமுன்

பழைய பி.எம்.டபிள்யூ காரின் பின் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) இரைகிறதென்று, பாவித்த உதிரிப்பாகம் வாங்கக் கொழும்பின் பஞ்சிகாவத்தைக்குப் புறப்படுமுன், அதன் பின்மூடி போல்ட்டில் மாட்டியுள்ள சிறு தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, 2.93, 3.15 போன்ற பல் விகிதத்தையும், லிமிட்டட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும்) வகையைக் காட்டும் ‘எஸ்’ எழுத்து அதன் முன்னால் உள்ளதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தகடு தொலைந்திருந்தால் (பல கார்களில் அதுதான் நிலைமை), முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். சாதாரண வகையாயின், ஒரு பின்சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுழற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பொக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் நீண்ட தண்டு) எத்தனை தடவை சுற்றுகிறதோ அதுவே விகிதம். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட இது நம்பகமானது.

வாங்கப்போவதில் விகிதத்தோடு, வேக சென்சர் பொருந்தும் இடத்தையும் பிளேன்ஜ் (தண்டுகள் போல்ட்டால் இணையும் தட்டு) அளவையும் பழையதோடு ஒப்பிடுங்கள். வாங்கியதை மேலேற்றுமுன், ஒயில் நிரப்பும் நட்டைத் தரையில் வைத்தே கழற்றிப் பார்த்துவிடுங்கள். பொருத்தியபின் இறுகிய நட்டோடு போராட அங்கே இடமிராது.