வைரஸுக்கு எலிப்பொறி வைப்போம் வாங்க

வைரஸை ஏமாத்திப் புடிக்கிற கொழுப்புக் குமிழியை (லிப்போசோம்) லேப்ல எப்படிப் பண்றதுன்னு ப்ராஜெக்ட்டுக்கு வர்ற ஜூனியருங்க எல்லாரும் கேக்குறதால ஒரே தடவையா எழுதிடுறேன். எலிப்பொறில வடை மாட்டுவோம்ல, அதே கதைதான். ஃப்ளூ வைரஸ் நம்ம செல் மேல இருக்கிற சியாலிக் ஆசிடுங்கிற சர்க்கரையைப் புடிச்சுத்தான் உள்ள நுழையும், அதே சியாலிக் ஆசிடை ஒரு வெறும் கொழுப்புக் குமிழி மேல வச்சா அங்க போய் ஒட்டிக்கும், உள்ள நியூக்ளியஸும் கிடையாது ரைபோசோமும் கிடையாது, குட்டி போட வழியில்ல. 1957ல தாமஸ் சாங் கனடால மெக்கில் யூனிவர்சிட்டில படிக்கிறப்ப ஹாஸ்டல் ரூம்லயே செயற்கை செல் பண்ணாரு, அதுக்காக நீங்க பெங்களூரு எலஹங்கா பிஜி ரூம்ல ஆரம்பிச்சிடாதீங்க, ஃபியூம் ஹூட் (விஷ ஆவியை வெளிய இழுக்குற லேப் கூண்டு) கட்டாயம்.

குமிழிக்கு முட்டை மஞ்சக்கரு பாஸ்பாடிடைல்கோலின்னு ஒரு கொழுப்பு 10 மில்லிகிராம், கூட ஜிடி1ஏ (GD1a) கேங்லியோசைடு, அதாவது சியாலிக் ஆசிடு ஒட்டின கொழுப்பு, 5 மோல் சதவீதம் (மூலக்கூறு எண்ணிக்கைல நூத்துக்கு அஞ்சு), இதுதான் வடை. ரெண்டையும் குளோரோஃபார்ம், மெத்தனால் 2:1 கலவைல கரைங்க. கண்ணாடி சாமான் மட்டும்தான்! நான் மொத தடவை அவசரத்துல பாலிஸ்டைரீன் ட்யூப்ல ஊத்திட்டேன், அடி இளகி ஹூட் பூரா பிசுபிசுன்னு ஆயிடுச்சு, கேங்லியோசைடு விலை தெரிஞ்சவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

ரோட்டரி எவாப்ரேட்டர்ல (ஃபிளாஸ்கைச் சுத்திக்கிட்டே கரைப்பானை ஆவியாக்குற மெஷின்) சுத்தவிட்டா ஃபிளாஸ்க் உள்பக்கம் மெல்லிசா ஏடு படியும், அப்புறம் ரெண்டு மணி நேரம் வேக்வம், கரன்ட் போனா உடனே வால்வை மூடுங்க இல்லன்னா பம்ப் ஆயில் உள்ள வந்துடும். பிபிஎஸ்ங்கிற உப்புக் கரைசல் 1 மில்லி ஊத்தி ஆட்டுங்க, நந்தினி பாலைத் தண்ணில விட்ட மாதிரி வெளுப்பா வரும். அதை 100 நானோமீட்டர் எக்ஸ்ட்ரூடர்ல (ரெண்டு சிரிஞ்ச், நடுவுல அந்த அளவு ஓட்டை உள்ள ஃபில்டர்) 11 தடவை தள்ளுங்க. ஒத்தைப்படைதான், அப்பதான் வடிகட்டினது எதிர் சிரிஞ்ச்ல முடியும். லேசா நீலம் ஓடிச்சுன்னா சரியா வந்திருக்கு. முட்டைக் கொழுப்புக்குப் பதிலா டிபிபிசின்னு இன்னொரு வகைக் கொழுப்பா இருந்தா 41 டிகிரிக்கு மேல சூடு வேணும், டிசம்பர் குளிர்ல அப்படியே அடைச்சுக்கும்.

டெஸ்ட்டுக்கு வைரஸ் வேணாம், சியாலிக் ஆசிடைப் புடிக்கிற கோதுமை லெக்டின்னு ஒரு புரோட்டீன் போதும். சொட்டு விட்டா குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கலங்கும், ஒப்பிட்டுப் பாக்க வடை இல்லாமப் பண்ணின கண்ட்ரோல் தெளிவாவே நிக்கும், கண்ட்ரோலும் கலங்குச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து.

இது மருந்து இல்ல, கேட்டுக்கோங்க. நிஜ ஃப்ளூ வைரஸ்கிட்ட நியூராமினிடேஸ்னு ஒரு என்சைம் கத்தரிக்கோல் இருக்கு, வடையை வெட்டிட்டு ஓடிடும். கோவிட்டுக்கு வடையே வேற, நம்ம செல் மேல இருக்கிற ஏஸ்2 (ACE2)ங்கிற புரோட்டீன். அதுக்குன்னு 2020ல அமெரிக்கால சான் டியாகோல நுரையீரல் செல்லோட சவ்வையே நானோ துகள் மேல போர்த்திப் பார்த்தாங்க.

செஞ்சதை ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரில வைங்க, ஃப்ரீசர்ல போட்டா ஐஸ் கிழிச்சிடும்.