ஜி-ஃபிளாட்டா, எஃப்-ஷார்ப்பா: மிடி ஸ்கோர் சுற்றவிட்ட கதை

மேற்கத்திய இசையின் ஹார்மனி (ஸ்வரச் சேர்க்கை) பேப்பருக்காக சி மைனரில் ஒரு பியானோ சொனாட்டாவை அலசிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடத்தில் கணக்கு உதைத்தது. ஏ-ஃபிளாட், சி, ஈ-ஃபிளாட், ஜி-ஃபிளாட் என்று ஒரு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள் (ஃபிளாட் என்றால் அரைப்படி கீழே, ஷார்ப் என்றால் அரைப்படி மேலே). பார்த்தால் டி-ஃபிளாட்டின் டாமினன்ட் செவன்த், அதாவது அடுத்து டி-ஃபிளாட் வரும் என்று எதிர்பார்க்கவைக்கும் கார்ட். ஆனால் அடுத்து டி-ஃபிளாட் வரவே இல்லை, ஜி-யை பேஸில் வைத்துக்கொண்டு சி மைனர்தான் வருகிறது.

டி-ஃபிளாட்டுக்கு மாடுலேஷன் (சுருதி மாற்றம்) நடக்கிறதோ என்று முன்னும் பின்னும் தேடினேன், அறிகுறியே இல்லை. அப்புறம் டிசெப்டிவ் காடன்ஸ் (எதிர்பார்த்த கார்டுக்குப் பதில் வேறொன்றில் போய் நிற்பது) என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. நாள் கணக்கில் இதே வேலை.

கடைசியில் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைக்குறிப்பு நூலகத்தில் பழைய அச்சுப் பிரதியின் ஸ்கேனை எடுத்துப் பார்த்தால், அதே இடத்தில் எஃப்-ஷார்ப்! என்னிடம் இருந்த ஸ்கோர் (இசைக்குறிப்பு) மிடி என்ற கணினி இசைக் கோப்பிலிருந்து மாற்றியது. மிடியில் எந்தக் கட்டை அழுந்தியது என்ற எண்தான் இருக்கும். நடு சி 60 என்றால் அதற்கு மேலுள்ள எஃப்-ஷார்ப்பும் 66, ஜி-ஃபிளாட்டும் 66. எப்படி எழுதுவது என்பது மென்பொருளின் ஊகம்.

எஃப்-ஷார்ப் என்றதும் ஜெர்மன் சிக்ஸ்த் என்று புரிந்துவிட்டது, ஜி-யை நோக்கி இழுக்கும் கார்ட் அது. ஏ-ஃபிளாட் அரைப்படி இறங்கி, எஃப்-ஷார்ப் அரைப்படி ஏறி, இரண்டும் ஜி-யில் சேர்கின்றன. நடுவில் சி மைனர் எதற்கு என்றால், நேரே ஜி மேஜருக்குத் தாவினால் ஏ-ஃபிளாட்டும் ஈ-ஃபிளாட்டும் சேர்ந்து இறங்கி பேரலல் ஃபிஃப்த்ஸ் விழும், அதாவது இரண்டு குரல்கள் ஐந்தாம் இடைவெளி மாறாமல் சேர்ந்து நகரும், ஹார்மனியில் அதைத் தவிர்ப்பார்கள். இப்போது கார்டுகளுக்கு அடையாளமாக ரோமன் எண் போடும் முன்பே அச்சுப் பிரதியோடு ஒத்துப் பார்த்துவிடுகிறேன். பியானோவில் இரண்டும் ஒரே கட்டை என்பதால் அந்தக் கார்டை மட்டும் கேட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை.