சின்ன காரில் தங்கிக்கொண்டே வேலைக்குப் போக

வேகன் ஆர் மாதிரி வண்டி என்றால் பின்சீட்டை மடக்கி, முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, நடுவில் விழும் பள்ளத்தின் மேல் பிளைவுட் பலகை போட்டு மெத்தை விரித்துவிடுங்கள், கொஞ்சம் கோணலாகப் படுத்தால் காலை நீட்டலாம்.

சென்னை வெக்கையில் ஏசி போட்டுத் தூங்கத்தான் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நிற்கிற வண்டியில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம், அதற்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். எதிரெதிர் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, கதவின் மேல்பாதிக்குக் கொசுவலையை உறை போல மாட்டி, பவர் பேங்கில் சின்ன ஃபேனை ஓட்டுங்கள். பவர் பேங்கை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள்.

குளிக்க, ஷவர் இருக்கிற ஜிம்மாகப் பார்த்துச் சேருங்கள். ஆபீஸ் சட்டைகளை அயர்ன் கடையிலேயே விட்டு இரண்டிரண்டாக வாங்கிக்கொண்டால் கசங்காது. அப்புறம், ராத்திரி நிறுத்த 24 மணி நேர பெட்ரோல் பங்க்கில் கேட்டுப் பாருங்கள்.