ரிமோட்டில் பேசினால் டிவி கேட்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ரிமோட்டின் மைக் பட்டனை அழுத்திப் பேசியும் டிவி கண்டுகொள்ளவில்லை என்றால், பலர் நேராக ஃபேக்டரி ரீசெட்டுக்கு, அதாவது டிவியை வாங்கியபோது இருந்த நிலைக்கே மாற்றுவதற்கு, போய்விடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான். போட்டு வைத்திருந்த கணக்குகள், ஆப்கள், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். கோளாறு ரிமோட்டில் இருந்தாலோ, அது அப்படியேதான் இருக்கும்.

அதற்கு முன்னால், மைக் பட்டனை அழுத்தியதும் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் ரிமோட்டுக்கும் டிவிக்கும் இடையிலான இணைப்புதான் அறுந்திருக்கிறது. கேட்பதற்கான அடையாளம் வந்தும் நீங்கள் பேசுவது பதிவாகவில்லை என்றால் மைக்கையோ மைக் அனுமதியையோ சந்தேகிக்கலாம். வேறு ஏதோ சொற்கள் எழுத்தில் வந்தால் பேச்சு மொழி அமைப்பைப் பாருங்கள். டிவி மெனுவின் மொழியும் பேச்சுக்கான மொழியும் சில டிவிகளில் தனித்தனியாக இருக்கும். சொன்னது சரியாக எழுத்தில் வந்தும் எதுவும் நடக்கவில்லை என்றால் ரிமோட்டில் குறையே இல்லை.

"வால்யூம் பட்டன் வேலை செய்கிறதே, அப்புறம் ரிமோட்டில் என்ன கோளாறு இருக்கப் போகிறது?" என்று நினைப்பது அடுத்த தவறு. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பல ரிமோட்டுகளில் பவர், வால்யூம் போன்ற பட்டன்கள் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும். குரல் அப்படிப் போவதில்லை, பெரும்பாலும் புளூடூத் வழியாகத்தான் போகும். அதனால் புளூடூத் இணைப்பு விட்டுப்போனாலும் மற்ற பட்டன்கள் நன்றாகவே இயங்கும். ஃபோன் கேமராவை ரிமோட்டின் முனையில் காட்டி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையும் அகச்சிவப்புக்கு மட்டும்தான். அதில் தேறிவிட்டது என்பதால் மைக் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

இணைப்பு விட்டுப்போயிருந்தால் மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும். சாம்சங் ஸ்மார்ட் ரிமோட் என்றால் டிவியின் அருகில் போய் பேக், பிளே பட்டன்களை 3 விநாடிக்குக் குறையாமல் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். ஃபயர் டிவிக்கு ஹோம் பட்டனை 10 விநாடி. எல்ஜி மேஜிக் ரிமோட் என்றால் டிவியை நோக்கி நடுச்சக்கரத்தை அழுத்தினால் போதும். ஆண்ட்ராய்டு டிவிகளில் ரிமோட்டுகளுக்கான அமைப்புப் பகுதியில் இதைச் செய்யலாம்.

சரி, ஜோடி சேர்த்த பிறகும் விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறதா? பேட்டரியை மாற்றிப் பாருங்கள். குரலை அனுப்ப, வால்யூம் பட்டனை அழுத்துவதைவிட அதிக மின்சாரம் வேண்டும். அதனால் பேட்டரி பலவீனமானால் முதலில் அடிபடுவது மைக்காகவே இருக்கலாம். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலந்து போடாதீர்கள். புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதும் உண்டு. டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பார்க்கலாம். டிவிக்குப் பின்னால் செருகிய யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பக்கூடியது. அதைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள்.

மைக் துளையில் ஊசியை விட்டுச் சுத்தம் செய்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் சவ்வு மிக மெல்லியது, ஒரு குத்தில் போய்விடும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். ரிமோட்டுக்கு உறை போட்டிருந்தால் அது துளையை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டனை ஒருமுறை தட்டிவிட்டுப் பேசுவதும் வழக்கமான பிழை. பல ரிமோட்டுகளில் பேசி முடிக்கும்வரை அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

ரிமோட் சரியாக இருந்தும் பதில் வரவில்லையென்றால் இணையத்தைப் பாருங்கள். பெரும்பாலான டிவிகளில் பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை வெளியே இருக்கும் சர்வரில் நடக்கிறது. வைஃபை அடையாளம் தெரிவதால் மட்டும் இணையம் வருகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிவியில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால்கூட சர்வருடனான பாதுகாப்பான இணைப்பு அமையாமல் போகும். யாரும் எட்டிப் பார்க்காத இடம் இது. ஆண்ட்ராய்டு டிவி என்றால் கூகுள் ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறதா, அந்த ஆப் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழியுங்கள். ரிமோட்டில் அணைப்பது மறுதொடக்கம் ஆகாது. டிவி உறக்க நிலைக்குத்தான் போகும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் புது ரிமோட் வாங்கலாம். வாங்கும்போது வடிவத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். மைக் படம் போட்ட பட்டன் இருந்தும் உள்ளே மைக்கே இல்லாத மாற்று ரிமோட்டுகள் விற்கப்படுகின்றன. உங்கள் டிவியின் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்குக் குரல் வசதி வேலை செய்யுமா என்று உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குங்கள்.